ரிவர் க்ரூஸ் போகலாமா, வேண்டாமா? கேட்டவர்களுக்குப் பதில்

ரிவர் க்ரூஸ் என்றால் ஆற்றில் கப்பலிலேயே தங்கி ஊர் ஊராகப் போகிற பயணம். ஐரோப்பாவின் ரைன், டான்யூப் ஆறுகளில் பன்னிரண்டு வருடம் தமிழ்க் குழுக்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் என்பதால் இந்த வாரம் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். இப்போது ஓய்வு, யாருக்கும் டிக்கெட் விற்பதில்லை. கடல் கப்பலைப் பற்றி எனக்குத் தெரியாது. கேட்காதீர்கள்.

கேள்வி (சென்னை): வணக்கம் மேடம். எனக்கு 66, மனைவிக்கு 62, அவளுக்கு முட்டி வலி. ஜெர்மனியின் பாஸாவில் ஏறி டான்யூபில் ஹங்கேரியின் புடாபெஸ்ட்வரை போய்த் திரும்பும் ஏழு இரவுப் பயணம். மகன் பணம் தருகிறேன் என்கிறான். அவ்வளவு காசு போடத் தகுமா?

பதில்: பெட்டியை ஒரே ஒருமுறை திறந்து, ஏழு நாள் கழித்து மூடுவதற்குத்தான் சார் இந்தக் காசு. இதே ஊர்களை ரயிலில் பார்த்தால் நாலு ஹோட்டல், எட்டு முறை பெட்டி இழுப்பு, படிக்கட்டு. முட்டி வலிக்காரருக்கு அந்த மிச்சம் பெரிய மிச்சம். கப்பல் குலுங்காது, வாந்தி வராது. ராத்திரி ஒரு ஊரில் தூங்கி, காலையில் வேறு ஊரில் காபி குடிக்கலாம்.

ஆனால் முட்டிக்கும் கப்பலுக்கும் சில சண்டைகள் உண்டு. படகுத்துறையில் இடம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று கப்பல்களை ஒட்டி ஒட்டிக் கட்டுவார்கள். கரைக்குப் போக அடுத்த கப்பலின் வரவேற்பறை வழியாக நடக்க வேண்டும். சில நாள் மொட்டைமாடி ஏறி இறங்க வேண்டும். லிஃப்ட் இருக்கும், எல்லாத் தளத்துக்கும் போகாது. அதை முதலில் கேளுங்கள். ஊர்களுக்குள் தெரு முழுக்கக் கருங்கல் பதித்திருக்கும். மெல்க் மடத்துக்குப் பேருந்து ஏற்பாடு இருக்கும். டூர்ன்ஸ்டைனில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னனை அடைத்துவைத்த கோட்டை இடிபாடு மலை உச்சியில் இருக்கிறது. அதைக் கீழிருந்தே பாருங்கள். 'நகரின் நடுவே நிற்கும்' என்று விளம்பரத்தில் இருந்தால் புடாபெஸ்டில் அது உண்மை. வியன்னாவில் பெரும்பாலும் ரைஷ்ஸ்ப்ருக்கே பாலத்தருகே நிற்கும், அங்கிருந்து நகர நடுவுக்கு யு1 மெட்ரோ ரயிலில் பத்து நிமிடம்.

உங்கள் இருவருக்கும் தகும் என்பேன். ஒரு நிபந்தனை: ஒப்பந்தத்தில் 'பேருந்து' என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கேள்வி (திருநெல்வேலி): கீழ்த்தள அறை ரொம்ப மலிவாக இருக்கிறது அக்கா. எடுக்கலாமா?

பதில்: எடுங்கள். ஜன்னல் உயரத்தில் இருக்கும், திறக்காது. அன்னப்பறவையின் வயிற்றைப் பார்க்கலாம். 'பிரெஞ்சு பால்கனி' என்று கூடுதலாக வாங்குவார்களே, அதில் கதவு திறக்கும், அதற்கு வெளியே கம்பி, அவ்வளவுதான். நாற்காலி போட இடம் கிடையாது. பக்கத்தில் இன்னொரு கப்பலைக் கட்டினால் அங்கே பல் தேய்ப்பவரைப் பார்க்கலாம். பகலில் எல்லோரும் மாடியில்தான் இருப்பார்கள்.

கேள்வி (கோவை, பொறியாளர்): 2022 ஆகஸ்டில் ரைன் நதி கௌப் என்ற இடத்தில் 40 சென்டிமீட்டருக்கும் கீழே போய்விட்டது என்று படித்தேன். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருந்தால் கப்பல் எப்படி ஓடும்? செய்தி தவறா?

பதில்: நல்ல கேள்வி, இதற்குத்தான் காத்திருந்தேன். செய்தி சரி, படித்த விதம் தவறு. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடித்தரை இல்லை. கௌப்பில் கோல் 78 காட்டும்போது கப்பல் ஓடும் வழியில் ஏறத்தாழ 1.90 மீட்டர் ஆழம் இருக்கும் என்று கணக்கு. ஆகவே கோல் 40 காட்டினால் வழியில் சுமார் ஒன்றரை மீட்டர். பயணிகள் கப்பலுக்கே ஏறத்தாழ அவ்வளவு வேண்டும் என்பதால் அங்கே தடுமாற்றம் ஆரம்பிக்கும். 2018 அக்டோபரில் அது 25க்கு இறங்கியது.

அந்த அக்டோபரில் நான் ஒரு குழுவோடு டான்யூபில் இருந்தேன். ஸ்ட்ராபிங்குக்கும் வில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவே சுமார் 70 கிலோமீட்டருக்கு ஆற்றில் அணையே கிடையாது. மழை இல்லையென்றால் தரை தட்டும். நியூரம்பெர்க்கில் ஏறியவர்கள் பாதி வழியில் இறங்கி, பேருந்தில் போய், அந்தப் பக்கம் காத்திருந்த வேறு கப்பலில் ஏறினோம். ஏழு நாளில் மூன்று நாள் பேருந்து. கம்பெனி திருப்பித் தந்தது ஒரு கூப்பன். ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. சென்னை சாருக்கு நல்ல செய்தி: பாஸா அந்தப் பகுதிக்குக் கீழே இருக்கிறது.

தண்ணீர் அதிகமானாலும் இதே கதை: பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது. 2013 ஜூனில் பாஸாவில் வெள்ளம் 12.89 மீட்டருக்கு வந்தது. 1501க்குப் பிறகு அவ்வளவு உயரம் வந்ததில்லை. நகர மன்றச் சுவரில் வெள்ளக் குறிகள் இருக்கும், பாருங்கள்.

கேள்வி (சேலம்): ஜூலையில் போகிறோம். தண்ணீர் இருக்குமா?

பதில்: யாருக்கும் தெரியாது. மேலே படியுங்கள்.

கேள்வி (ஈரோடு): நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஊறுகாய், சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப்போகலாமா?

பதில்: முன்பதிவு செய்யும் அன்றே 'கறி, மீன், முட்டை, கறி வேகவைத்த சாறு எதுவும் வேண்டாம்' என்று எழுதிக் கொடுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் சூப்பில் எலும்புச் சாறு வந்துசேரும். காலை உணவுக்குக் கவலை இல்லை. இரவுச் சாப்பாடுதான் மூன்றாம் நாள் அலுக்கும். ஊறுகாய், பருப்புப்பொடி சரி. குக்கர் கூடாது, தீ அபாயம் என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். நெய்யும் பால்கோவாவும் எடுத்துவராதீர்கள். வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருளைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒரு பெட்டி விமான நிலையக் குப்பைத்தொட்டிக்குப் போனதைப் பார்த்து அழுதவர் உண்டு.

கேள்வி (பெங்களூரு): மேடம், கோபிக்காதீர்கள். ரைனின் இரண்டு கரையிலும் ரயில் போகிறது. அதே கோட்டை, அதே ஆறு, பத்தில் ஒரு பங்கு செலவு. கப்பல் என்பது வயதானவர்களுக்கு வைத்த ஏமாற்று.

பதில்: கோபம் இல்லை தம்பி. வலது கரை ரயிலில் ஏறிப் பாருங்கள். ரைன் கரையின் புகழ்பெற்ற லோரலைப் பாறையைப் பார்க்கத்தானே போகிறீர்கள்? ரயில் அந்தப் பாறைக்கு உள்ளேயே சுரங்கத்தில் புகுந்து போகிறது. நீங்கள் பார்க்கும் லோரலை கும்மிருட்டு.

பெங்களூரு: அப்படியானால் இடது கரை ரயில்.

பதில்: அங்கேயும் அதே இடத்தில் சுரங்கங்கள். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ்வரை முக்கால் மணி நேரத்துச் சவாரி. ஒரு கோட்டையைக் காட்டக் கையை நீட்டுவதற்குள் அடுத்தது போய்விடும். ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் நாற்பது கோட்டை.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒருவர்: இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். இருவரும் சொல்வது பாதிச் சரி. ரைன் கரை ஊர்களான பாஹராஹிலோ போப்பார்டிலோ இரண்டு இரவு தங்குங்கள். பகல் படகில் ஆற்றோடு போங்கள், ரயிலில் திரும்புங்கள். ஆனால் ராத்திரி சரக்கு ரயில் தூங்கவிடாது.

பெங்களூரு: அதைத்தான் நானும் சொல்கிறேன்! ஜெர்மனியின் மாத டிக்கெட் எடுத்தால் ரயிலும் மலிவு.

பதில்: இது சந்தா டிக்கெட், தம்பி அதைச் சொல்லவில்லை. மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் காசு பிடிக்கும். மற்றபடி ஸ்டுட்கார்ட் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நன்றாக நடக்கத் தெரிந்த நாற்பது வயதுக்காரருக்கு நானும் அதையே சொல்வேன். கப்பலில் போகிறவர்களோ ஒரு விஷயம் கேட்டே ஆக வேண்டும்: ரைனின் இந்தப் பகுதியையும் டான்யூபில் மெல்க், டூர்ன்ஸ்டைன் இருக்கும் வாஹௌ பள்ளத்தாக்கையும் பகலில் கடக்கிறார்களா, ராத்திரியிலா? ராத்திரி என்றால் போகவே வேண்டாம். இதைப் பற்றி இனி யாரும் எழுத வேண்டாம், போதும்.

பெங்களூரு: ஒரே ஒரு வரி...

பதில்: வேண்டாம் தம்பி.

கேள்வி (மதுரை): எனக்கு 58. கணவர் இல்லை. தனியாகப் போகத் துணிவு இருக்கிறது, ஆனால் ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் காசு கேட்கிறார்கள்.

பதில்: கேட்பார்கள் அம்மா, அறைக்குத்தான் விலை. மார்ச், நவம்பர் போன்ற கூட்டம் இல்லாத மாதங்களில் சில கம்பெனிகள் அந்தக் கூடுதலைக் குறைக்கும் அல்லது விட்டுவிடும், எழுதிக் கேளுங்கள். தனியாகப் போகிற பெண்ணுக்கு இதைவிடப் பாதுகாப்பான பயணம் குறைவு. நூற்றைம்பது பேர்தான், இரண்டாம் நாளே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு மேஜையில் பேசத் தெரிந்தவர்களோடு உட்காருங்கள். மொழி தெரியவில்லை என்று அறையிலேயே இருந்துவிடாதீர்கள்.

கேள்வி (திருச்சி): 7, 10 வயதுப் பிள்ளைகளோடு?

பதில்: வேண்டாம். குழந்தைகளை ஏற்றாத கப்பல்களும் உண்டு. ஏற்றினாலும் மூன்றாம் மணி நேரத்தில் 'எப்போ இறங்கலாம்?' என்பார்கள்.

கேள்வி (புதுச்சேரி): ஷெங்கன் விசா எந்தத் தூதரகத்தில்?

பதில்: எந்த நாட்டில் அதிக இரவோ அந்த நாட்டுத் தூதரகத்தில். கப்பல் இரவும் கணக்குதான். எந்த ராத்திரி எந்த நாட்டில் என்று கம்பெனியிடம் எழுதி வாங்குங்கள். புடாபெஸ்டுக்குக் கீழே போகிற பயணம் என்றால் செர்பியா ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், இல்லை. வெளியே போய் மறுபடி உள்ளே வர அனுமதிக்கும் விசா வேண்டும்.

கேள்வி (தூத்துக்குடி): நைல் எப்படி அக்கா?

பதில்: ஐரோப்பாவுக்குப் பட்ஜெட் இல்லாதவர்களுக்கு நான் நைலைத்தான் சொல்வேன். லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் நடுவே மூன்று நான்கு இரவு. 1970இல் கட்டி முடித்த அஸ்வான் பெரிய அணை தண்ணீரைக் கட்டுப்படுத்துவதால் மேலே சொன்ன தொல்லை பெரும்பாலும் கிடையாது. கோம் ஓம்போ கோயில் கரையிலேயே நிற்கிறது. கப்பல் நெருங்கும்போது தூண்கள் எழும்பிவருவதைப் பார்க்க வேண்டும். நைல் வடக்கே ஓடுவதால் தெற்கே அஸ்வானுக்குப் போவது ஆற்றை எதிர்த்துப் போவது. அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். அங்கேயும் கப்பலை ஒட்டிக் கப்பல் கட்டுவார்கள், அதுவும் ஐந்தாறு.

கேள்வி (வேலூர்): கங்கா விலாஸ்?

பதில்: அந்தக் கப்பலில் நான் போனதில்லை. 2023இல் வாரணாசியிலிருந்து திப்ருகர்வரை 51 நாள் போனது, மொத்தமே 36 பேர் ஏறலாம். போனவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): அதற்கு ஆலப்புழை போதாதா?

பதில்: ஆலப்புழைப் படகு மாலை ஐந்தரைக்கெல்லாம் கட்டிப்போட்டுவிடும். மிதக்கிற விடுதி. நல்ல விடுதி.

கேள்வி (தஞ்சாவூர்): ஆகஸ்டில் போகிறோம். தண்ணீர் இருக்குமா?

பதில்: ஐயா.

கேள்வி (சென்னை, மறுபடி): மேடம், ஒப்பந்தத்தைப் படித்தேன். 'பேருந்து' மூன்று இடத்தில் வருகிறது, 'கப்பல் மாற்றம்' ஒரு இடத்தில். பணம் திருப்புவது பற்றி ஒன்றுமே இல்லை. மகன் மே மாதம் என்கிறான்.

பதில்: திருப்புவது பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தரமாட்டார்கள், கேட்டதாவது பதிவாகும். கப்பல் ஓடாமல் போனதற்கும் சேர்த்து ஈடு தரும் காப்பீடு எடுங்கள். மே மாதம் சரி. அப்போது பயம் வெள்ளத்துக்குத்தான். வாஹௌவைப் பகலில் கடக்கிறார்கள் என்றால் கீழ்த்தள அறையே போதும், மிச்சக் காசில் வியன்னாவில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள். அம்மாவுக்கு முட்டி உறையைக் கைப்பெட்டியில் வையுங்கள். பெரிய பெட்டி ஒரு நாள் தாமதமாக வருவது சகஜம்.