வாசகர் கேள்வி – பதில்: நெடுந்தீவுக்குப் போகின்றவர்களுக்கு

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் தங்கை குடும்பத்தினரை நெடுந்தீவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். ஒரு நாள் போதுமா? பிள்ளைகளுக்கு எவற்றைக் காட்டலாம்?
– வாசகி, சுண்டுக்குழி

பதில்: யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை தரைப்பாதையிலேயே போகலாம், அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். ஓகஸ்ட் மாதம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றின் காலமாகையால் கடல் கொந்தளிப்பாக இருக்கக்கூடும். எனவே, படகு ஓடுகின்றதா என்பதை முதல் நாளே விசாரித்துவிட்டு, விடிகாலையில் புறப்படுங்கள். ஒரு நாளில் போய்த் திரும்ப முடியும்; ஆயினும், வீடுகளோடு அமைந்த எளிய தங்குமிடம் ஒன்றில் ஓர் இரவு தங்குவதையே நான் விரும்பிச் சொல்வேன்.

ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகள், புறாக்கூடு, உட்குடைந்த அடிமரத்தினுள் ஆள் நுழையக்கூடிய பெருக்கமரம், வெடியரசன் கோட்டை என்று ஊரவர் அழைக்கும் பழைய பௌத்தச் சின்னங்கள் ஆகியவற்றை ஓட்டோக்காரரே வரிசையாகக் காட்டிவிடுவார். ஆனால் அவற்றுக்கு இடையிலுள்ள வேலிகளைப் பார்க்க வண்டியை நிறுத்துவோர் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையில் வருத்தம் தருகின்றது. குடாநாட்டில் நாம் கிடுகாலும் கதியாலாலும் அடைத்த வேலிகளையே கண்டு வளர்ந்தவர்கள். நெடுந்தீவிலோ, மண் ஆழமில்லாத அந்தத் தரையெங்கும் கிடைக்கும் முருகைக் கற்களை, அதாவது பவளப்பாறைக் கற்களை, சாந்து எதுவுமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வீட்டு வளவுகளையும் தோட்டங்களையும் ஒழுங்கைகளையும் வகுத்திருக்கின்றார்கள். சிறிய கல்லைப் பெரிய கற்களின் இடுக்கில் செருகி, எடையாலேயே நிற்கச் செய்யும் இந்த வேலைக்குத் தேர்ந்த கண்ணும் பழகிய கையும் வேண்டும். கல்லிடைகளால் காற்றுப் புகுந்து போகும். மாடும் ஆடும் புக மாட்டா. போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுக்களின் தீவு என்றே அழைத்தனர் என்பதை நினைத்தால், பயிரைக் காப்பதற்கு இத்தனை வேலிகள் எதற்கு என்பது விளங்கும். பிள்ளைகளை வேலியின்மீது ஏற விடாதீர்கள். ஒரு கல் சரிந்தால் அருகிலுள்ள கற்களும் சரியும், திரும்ப அடுக்குபவர் வீட்டுக்காரரே.

நெடுந்தீவின் படகுத்துறையான மாவிலித்துறையில், 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவிடத்தின் முன் சிறிது நேரம் நின்று, பிள்ளைகளுக்கும் அதனைச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: நெடுந்தீவில் திரியும் குதிரைகள் உண்மையில் காட்டுக்குதிரைகளா? அருகே சென்று உணவு கொடுக்கலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: இவை ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்டு வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரியின் பொறுப்பில் குதிரை வளர்ப்பு நடந்தது. அக்காலக் குதிரை லாயத்தின் எச்சங்களை இன்றும் காணலாம். வளர்ப்பு நின்றபின் கட்டற்றுப் பெருகியமையால் அவற்றைக் காட்டுக்குதிரை என்கின்றோம்.

உணவு கொடுக்க வேண்டாம். ஒளிப்படத்துக்காக ஓட்டோவில் துரத்துவது அதைவிடக் கொடிது. கோடையில் குட்டைகள் வற்றி, குடிக்க நீரின்றிக் குதிரைகள் இறந்த ஆண்டுகள் உண்டு. அவ்வேளையில் அவற்றை வெயிலில் ஓடவைப்பது கொடுமையன்றி வேறில்லை. மாரி மழை ஓய்ந்த பின்னர், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சென்றால் பசும்புல்லில் அவை அமைதியாக மேய்வதைத் தொலைவிலிருந்தே நிறைவாகப் பார்க்கலாம்.

கேள்வி: குடிநீர், சாப்பாடு கொண்டுபோக வேண்டுமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: நன்னீர் அங்கு அருமையான பொருள், ஆகையால் தண்ணீரை நீங்களே கொண்டுசென்று, வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். சாப்பாட்டை அங்குள்ள வீடு அல்லது கடை ஒன்றில் முற்கூட்டியே சொல்லி வைத்தால் அன்று பிடித்த மீனோ நண்டோ கிடைக்கும், பணமும் ஊரிலேயே தங்கும். பனையிலிருந்து செய்யும் புழுக்கொடியலும் பனாட்டும் விற்பனைக்கு இருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.