வாசகர் கேள்விகள்: பாபிலோன் 5 நாவல்களை எங்கே தொடங்குவது?

கேள்வி: விண்வெளி நிலையக் கதையான ‘பாபிலோன் 5’ டிவி தொடரின் ஐந்து சீசனையும் பார்த்து முடித்துவிட்டேன். கதையை மேலும் கொண்டுபோகும் நாவல்கள் உண்டாமே. மொத்தம் எத்தனை? எல்லாவற்றையும் வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகர், சேலம்

பதில்: முழு நாவல்கள் 18. எல்லாம் வேண்டாம், 11 போதும்.

1995-ல் டெல் பதிப்பகம் தொடங்கிய வரிசையில் 1 முதல் 9 வரை எண்ணிட்ட ஒன்பது புத்தகங்கள். அதன்பின் உரிமை டெல் ரே பதிப்பகத்துக்குப் போனது. அவர்கள் 1998 முதல் 2001 வரை மூன்று முத்தொகுப்புகள் போட்டார்கள், அவை ஒன்பது. டெல் வேறு, டெல் ரே வேறு. பெயர் ஒலிதான் ஒன்று, அதனால் குழம்ப வேண்டாம். இவை தவிர மூன்று டிவி படங்களின் கதையை அப்படியே நாவலாக்கிய புத்தகங்களும் உண்டு. படத்தைப் பார்த்தவருக்கு அவற்றில் புதிதாகப் பெரிதாக ஒன்றுமில்லை.

டெல் வரிசையில் 7-ம் 9-ம் மட்டும் எடுங்கள். டெல் ரே ஒன்பதையும் எடுங்கள். ஏன் இந்தக் கணக்கு என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: வரிசையில் முதல் புத்தகமான ‘வாய்ஸஸ்’ படித்தேன். பெயர்கள்தான் தெரிந்தவை, ஆட்கள் வேறு யாரோ போல இருக்கிறார்கள். எழுத்தாளர் தொடரையே பார்க்கவில்லையோ?
— வாசகி, திருச்சி

பதில்: பார்க்க அப்போது பாதித் தொடர்கூட வரவில்லை. 1994 ஜனவரியில் தொடர் ஆரம்பம். ஜான் வோர்ன்ஹோல்ட் எழுதிய ‘வாய்ஸஸ்’ வெளியானது 1995-ல். ஐந்து வருடக் கதை முழுவதும் தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி என்ற ஒரே ஆளின் தலைக்குள் இருந்தது. 110 எபிசோடில் 92 அவர் கைப்பட எழுதியவை. மூன்றாம், நான்காம் சீசன்களில் ஒன்றைக்கூட வேறொருவருக்கு விடவில்லை. வெளியாள் ஒருவர் அந்தக் கதைக்குப் பக்கத்தில் நின்று நாவல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ‘வாய்ஸஸ்’ நல்ல உதாரணம். அதன் மையத்தில் இருப்பவர் மற்றவர் மனதைப் படிக்கும் டெலிபாத் டாலியா வின்டர்ஸ். அதே 1995-ல் வந்த ‘டிவைடட் லாயல்டீஸ்’ எபிசோடில் அவருக்குள் இன்னொரு ஆளே ஒளிந்திருந்தது தெரிகிறது. அத்தோடு தொடரைவிட்டே போய்விடுகிறார். அதைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவருக்கு டாலியா பேசும் ஒவ்வொரு வரியும் வெறும் வரியாகத்தான் படும்.

இன்னொரு காரணமும் உண்டு. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதப்படும் நாவலுக்கு ஒரு கட்டு இருக்கிறது: பாத்திரங்களை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். யாரும் சாகக்கூடாது, யாரும் மனம் மாறக்கூடாது, அடுத்த வாரம் திரையில் வரப்போவதைத் தொடக்கூடாது. கதைச் சுருக்கத்தை முதலில் உரிமையாளருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் பிரதியும் ஒருமுறை போய் வர வேண்டும். இத்தனை வேலிக்குள் மிஞ்சுவது என்ன? நிலையத்தில் ஒரு குண்டு வெடிப்பு, ஒரு கொலை, ஒரு பழி, கடைசியில் எல்லாம் பழையபடி. டெல் வரிசையின் முதல் ஆறு புத்தகங்களும், எட்டாவதும் ஏறக்குறைய இந்த வார்ப்புதான். ஜிம் மார்ட்டிமோர் எழுதிய ‘கிளார்க்ஸ் லா’ மட்டும் மரண தண்டனையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் துணிகிறது. ரயில் பயணத்துக்கு ஆகும்.

ஆக, வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கதைச் சுருக்கம் யாருடையது? டெல் ரே முத்தொகுப்புகள் மூன்றுக்கும் ஸ்ட்ராசின்ஸ்கியே சுருக்கம் எழுதிக் கொடுத்தார். தவிர, தொடர் 1998 நவம்பரில் முடிந்துவிட்டதால் பாத்திரங்களைத் திரும்ப வைக்க வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. சாக வேண்டியவர்கள் அவற்றில் சாகிறார்கள்.

கேள்வி: 7-ம் 9-ம் மட்டும் எப்படித் தப்பித்தன?
— வாசகர், மதுரை

பதில்: இரண்டும் தொடர் காலி விட்ட இடத்தில் போய் உட்கார்ந்தவை.

ஒன்பதாவது, ‘டு ட்ரீம் இன் தி சிட்டி ஆஃப் சாரோஸ்’ (1997). எழுதியவர் கேத்ரின் டிரெனன். அப்போது ஸ்ட்ராசின்ஸ்கியின் மனைவி. முதல் சீசனில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றி வரும் ‘பை எனி மீன்ஸ் நெசசரி’ எபிசோடை எழுதியவரும் இவரே. முதல் சீசன் முடிந்ததும் தளபதி சின்க்ளேராக நடித்த மைக்கேல் ஓ’ஹேர் விலகினார். பாத்திரத்தை மின்பாரி கிரகத்துக்குத் தூதராக அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் சீசனின் இரண்டு பாக ‘வார் வித்தவுட் எண்ட்’ வரை அவர் அங்கே என்ன செய்தார் என்பதைத் திரை துண்டு துண்டாகத்தான் சொல்கிறது. ரேஞ்சர் படையை அவர் எப்படிக் கட்டி எழுப்பினார், மார்கஸ் கோல் அதில் எப்படி வந்து சேர்ந்தான், சின்க்ளேர் மணக்க இருந்த கேத்தரின் சகாய் என்ன ஆனாள்? மூன்றுக்கும் விடை இந்த ஒரு புத்தகத்தில்தான். தொடரின் சொந்த வரலாறாகவே இதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்ட்ராசின்ஸ்கியே சொல்லிவிட்டார்.

ஏழாவது, ஜீன் கவேலோஸ் எழுதிய ‘தி ஷாடோ விதின்’ (1997). சின்க்ளேருக்குப் பின் நிலையத்தின் தளபதியான ஷெரிடனின் மனைவி ஆனா போன இகாரஸ் கப்பல் ஸ’ஹா’டூம் கிரகத்தில் எதைத் தோண்டி எழுப்பியது என்பது கதை. மோர்டன் என்ற புன்னகைக்கார வில்லன் இதில் துக்கம் சுமக்கும் மனிதனாக வருகிறான். இதைப் படித்தபின் திரையில் அவன் ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கும்போது காதில் வேறு மாதிரி விழும். சின்னச் சின்ன விவரங்களில் தொடரோடு உரசும் இடங்கள் உண்டு; கதையின் முதுகெலும்பில் பிசகு இல்லை. கவேலோஸ் வானியற்பியல் படித்து நாசாவில் வேலை பார்த்தவர். விண்கல அறைக்குள் நடக்கும் காட்சிகளில் அந்தப் படிப்பு தெரிகிறது.

கேள்வி: நண்பர் ஒருவர் இப்போதுதான் முதல் சீசனைத் தொடங்கியிருக்கிறார். கதையின் காலவரிசைப்படி நாவல்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்லலாமா? சை கார் முத்தொகுப்புதானே காலத்தால் முந்தியது?
— வாசகர், கோவை

பதில்: நண்பர் தொடர்ந்து நண்பராக இருக்க வேண்டுமென்றால் அப்படிச் சொல்லாதீர்கள்.

டெலிபாத்களைக் கட்டுக்குள் வைக்கும் சை கார் அமைப்பைப் பற்றி ஜே. கிரகரி கீஸ் எழுதிய முத்தொகுப்பு 2115-ல் ஆரம்பிக்கிறது. தொடரின் முதல் சீசனுக்கு 143 வருடம் முன்னால். ஆனால் அதன் ருசியே சை கார் அதிகாரி பெஸ்டரைத் தெரிந்தவருக்குத்தான். வால்டர் கெய்னிக் நடித்த அந்தக் குளிர்ந்த முகத்தை நாலு எபிசோடில் பார்த்து வெறுத்திருக்க வேண்டும். பிறகு ‘டார்க் ஜெனசிஸ்’ புத்தகத்தில் அவன் எங்கே பிறந்தான், யாருக்குப் பிறந்தான் என்று படிக்கும்போதுதான் அடி விழும். மூன்றாவதான ‘ஃபைனல் ரெக்கனிங்’கில் பெஸ்டர் தலைமறைவாகப் பாரிஸில் இருக்கிறான், நிலையத்தின் பழைய பாதுகாப்புத் தலைவர் காரிபால்டி விடாமல் தேடுகிறார். அவருக்கு ஏன் இத்தனை வெறி என்பது புரிய, நான்காம் சீசனின் ‘தி ஃபேஸ் ஆஃப் தி எனிமி’ பார்த்திருக்க வேண்டும். எனவே ஐந்து சீசனும் முடிந்த பிறகே இந்த மூன்றும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். தொடர் காட்டாமல் விட்ட டெலிபாத் போர் இதில் இருக்கும் என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். இல்லை. இரண்டாம் புத்தகம் போருக்கு முன்பே நின்றுவிடுகிறது. மூன்றாவது தொடங்கும்போது போர் முடிந்து போயிருக்கிறது. நினைவுகளாகச் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி நாமே கோத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்றவற்றுக்கு இடம் குறித்துத் தருகிறோம். ‘டு ட்ரீம்’ புத்தகத்தை மூன்றாம் சீசனின் 17-ம் எபிசோடு முடிந்ததும் படிக்கலாம், அதற்கு ஒரு நாள்கூட முன்னால் வேண்டாம். ‘தி ஷாடோ விதின்’ மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடான ‘ஸ’ஹா’டூம்’ பார்த்த மறுநாள். இரண்டாம் சீசனின் 16-ம் எபிசோடுக்குப் பிறகே படிக்கலாம் என்பாரும் உண்டு. அப்படிச் செய்தால் ஆனா பற்றிய அதிர்ச்சி போய்விடும். கவேலோஸின் டெக்னோமேஜ் முத்தொகுப்பு (மூன்றும் 2001) தொடரின் நடுப்பகுதிக்கு இணையாக ஓடுகிறது. இரண்டாம் சீசனின் ‘தி ஜியோமெட்ரி ஆஃப் ஷாடோஸ்’ எபிசோடில் எல்ரிக் தலைமையில் நிலையத்துக்கு வந்து போகும் டெக்னோமேஜ் மாயக்காரர்கள் ஏன் ஓடி ஒளிகிறார்கள் என்பதற்கு விடை சொல்கிறது. அந்த விடை ‘நிழல்கள்’ என்ற பழம்பெரும் இனத்தின் போரோடு பின்னிக் கிடப்பதால், நான்காம் சீசனின் 6-ம் எபிசோடில் போர் முடிந்த பிறகு எடுப்பதே சரி.

கேள்வி: லோண்டோவின் முடிவு ஐந்தாம் சீசனில் பாதியில் நிற்கிறதே!
— வாசகி, புதுச்சேரி

பதில்: உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது பீட்டர் டேவிட்டின் சென்டாரி முத்தொகுப்பு (1999–2000). எங்களைக் கேட்டால் 18-ல் இதுதான் முதலிடம்.

தொடரின் முதல் எபிசோடிலேயே சென்டாரி இனத்தின் தூதர் லோண்டோ தன் சாவைக் கனவாகச் சொல்கிறார்: தன் கழுத்தை எதிரி இனமான நார்ன்களின் தூதர் ஜி’கார் நெரிக்க, தான் ஜி’காரின் கழுத்தை நெரிக்க. ‘வார் வித்தவுட் எண்ட்’ அதை 17 வருடம் தாண்டிய காட்சியாக ஒரு கணம் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. ஐந்தாம் சீசனின் 18-ம் எபிசோடில் அவரை ஆட்டிவைக்கும் டிராக் இனத்தின் காவல் உயிர் அவர் தோளில் ஏறுகிறது, மகுடமும் ஏறுகிறது. 21-ம் எபிசோடில், பிறக்கப்போகும் ஷெரிடனின் பிள்ளைக்கென்று ஒரு கலசத்தைப் பரிசாகத் தருகிறார்; 16 வயதில் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திரை அங்கே கைகழுவிவிடுகிறது. கலசம் திறப்பதும், கனவு பலிப்பதும், லோண்டோவின் பயந்தாங்கொள்ளி உதவியாளர் வீர் ஒரு எதிர்ப்பு இயக்கத்தையே நடத்தும் ஆளாக வளர்வதும் இந்த மூன்று புத்தகங்களில்.

டேவிட் இரண்டாம் சீசனில் இரண்டு எபிசோட் எழுதியவர். லோண்டோவின் மூன்று மனைவிகளும் ஒன்றாக வந்து இறங்கும் ‘சோல் மேட்ஸ்’ அவற்றில் ஒன்று. அந்த மனைவிகள் வரும்போதெல்லாம் எழுத்து துள்ளுகிறது. நகைச்சுவையைக் கொஞ்சம் அளவு மீறி ஊற்றுகிறார். சோகமான பக்கத்தில்கூட ஒரு சிலேடை எட்டிப் பார்க்கும். லோண்டோ கதைக்கு அது பொருந்தாமல் இல்லை.

கேள்வி: பழைய புத்தகங்களாகத்தான் கிடைக்கின்றன. ஆன்லைனில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? ஒரே புத்தகத்தை இரண்டு முறை வாங்கிவிட்டேன்.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: ‘டு ட்ரீம்’ புத்தகமாகத்தான் இருக்கும். டெல் வெளியிட்ட அதை டெல் ரே 2003-ல் வேறு அட்டையோடு மறுபடி போட்டது. அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐஎஸ்பிஎன் எண் 0-440 என்று தொடங்கினால் டெல், 0-345 என்றால் டெல் ரே. பிரிட்டனில் பாக்ஸ்ட்ரீ வெளியிட்ட பதிப்புகளும் சுற்றுகின்றன. உள்ளே அதே நாவல்தான்.

இவை 2007-க்கு முந்தியவை என்பதால் புத்தகத்தில் அச்சாகியிருப்பது 10 இலக்க எண். விற்கும் தளங்கள் 13 இலக்கம் காட்டும். முன்னால் 978 சேர்த்தால் போதும் என்று நினைத்துத் தேடினால் பல சமயம் ஒன்றும் வராது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். 978 சேரும்போது அதைப் புதிதாகக் கணக்கிடுவார்கள். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, நடுவில் உள்ள ஒன்பது இலக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

தலைப்பிலும் பொறி இருக்கிறது. சென்டாரி முதல் புத்தகத்தின் பெயர் ‘தி லாங் நைட் ஆஃப் சென்டாரி பிரைம்’. நான்காம் சீசனில் ‘தி லாங் நைட்’, ஐந்தாம் சீசனில் ‘தி வெரி லாங் நைட் ஆஃப் லோண்டோ மொலாரி’ என்று எபிசோடுகள் உண்டு. மூன்றுக்கும் கதை வேறு. சை கார் ஆசிரியரை ‘ஜே. கிரகரி கீஸ்’, ‘கிரெக் கீஸ்’ என இரண்டு பெயரிலும் தேடுங்கள், ஆள் ஒருவரே.

விற்பவரிடம் முதுகு, பதிப்புரிமைப் பக்கம், கடைசிப் பக்கம் மூன்றின் படமும் கேளுங்கள். எல்லாம் மலிவுப் பதிப்பு: மரக்கூழ்த் தாள், பசை போட்ட முதுகு. மஞ்சளானால் பாதகமில்லை. முதுகில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்த இடத்தில் பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். தட்டையாக விரித்துப் படித்தால் பக்கம் கையோடு வந்துவிடும். பாதி விரித்தே படியுங்கள்.

கேள்வி: நாவலில் வந்தது எப்போதாவது திரைக்குப் போனதுண்டா?
— வாசகர், ஈரோடு

பதில்: மற்ற தொடர்களில் உண்டு. ‘ஸ்டார் ட்ரெக்’கின் கப்பலோட்டி சுலுவுக்கு ஹிகாரு என்ற பெயர் வைத்தவர் நாவலாசிரியை வோண்டா மெக்கின்டயர், 1981-ல். திரையில் அதை உச்சரித்தது 1991-ல் வந்த ஆறாவது படத்தில். ‘டாக்டர் ஹூ’வில் இன்னும் பெரிய பாய்ச்சல்: பால் கார்னெல் 1995-ல் எழுதிய ‘ஹ்யூமன் நேச்சர்’ நாவலை 2007-ல் அவரே இரண்டு எபிசோடாக எழுதிக் கொடுத்தார். எதிர்த்திசையிலும் நடக்கும். ‘ஸ்டார் ட்ரெக்’ நாவலாசிரியர்கள் இருபது வருடமாகக் கோத்துவந்த கதைத் தொடர்ச்சியை 2020-ல் வந்த ‘பிகார்ட்’ தொடர் செல்லாததாக்கியது. நாவலாசிரியர்கள் 2021-ல் ‘கோடா’ என்ற முத்தொகுப்பு எழுதித் தங்கள் உலகத்தைத் தாங்களே முடித்துவைத்தார்கள்.

கேள்வி: மார்கஸ் உண்மையிலேயே செத்துவிட்டானா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: நான்காம் சீசனின் ‘எண்ட்கேம்’ அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஸ்ட்ராசின்ஸ்கி 2000-ல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ பத்திரிகையில் ‘ஸ்பேஸ், டைம் அண்ட் தி இன்க்யூரபிள் ரொமான்டிக்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். இதற்குமேல் சொன்னால் திட்டுவீர்கள்.