லத்தீன் டெபோனன்ட் வினைகள்: உருவம் செயப்பாட்டுவினை, பொருள் செய்வினை

லத்தீன் பயிலும் வாசகர் ஒருவர், ‘லொக்வித்துர்’ என்ற சொல்லைப் ‘பேசப்படுகிறது’ என்று மொழிபெயர்த்ததாகவும், ஆசிரியர் அதை ‘அவன் பேசுகிறான்’ என்று திருத்திவிட்டதாகவும் எழுதி, இத்தகைய டெபோனன்ட் வினைகளை எப்படி அடையாளம் காண்பது, எப்படித் திரிப்பது என்று கேட்டிருக்கிறார்.

ஆசிரியரின் திருத்தம் சரியே. ஈற்றை மட்டும் பார்த்து இவ்வினைகளை அடையாளம் காண இயலாது. ‘லவுதாத்துர்’ என்றால் ‘புகழப்படுகிறான்’; ‘ஹொர்த்தாத்துர்’ என்றாலோ ‘ஊக்குவிக்கிறான்’. முன்னதற்கு அகராதித் தலைச்சொல் ‘லவுதோ’, பின்னதற்கு ‘ஹொர்த்தொர்’. தலைச்சொல்லே ‘ஒர்’ என்று முடிந்தால் அது டெபோனன்ட் வினை. ஆகவே ஹொர்த்தொர், ஹொர்த்தாரீ, ஹொர்த்தாத்துஸ் சும் என முதன்மை வடிவங்கள் மூன்றையும் சேர்த்தே மனனம் செய்துகொள்ளுங்கள்.

திரிப்பதற்கெனப் புதிய வாய்பாடு ஏதுமில்லை; அந்தந்த வினை வகுப்பின் செயப்பாட்டு வாய்பாடே போதும். நிகழ்காலத்தில் லொக்வொர், லொக்வெரிஸ், லொக்வித்துர், லொக்விமுர், லொக்விமினீ, லொக்வுன்த்துர் என்று வரும். எதிர்காலம் லொக்வர், லொக்வேரிஸ், லொக்வேத்துர் என்று தொடங்கும். முன்னிலை ஒருமையில் இரு காலங்களையும் பிரிப்பது எகர ஏகார வேறுபாடு மட்டுமே என்பதால், நெடிற்குறி இடாத லத்தீன் பதிப்புகளில் இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். (தமிழெழுத்தில் குறிப்பெடுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.) ‘பேசினேன்’ என்பதற்கு ஆண் ‘லொகூத்துஸ் சும்’ என்பான், பெண் ‘லொகூத்தா சும்’ என்பாள்.

இந்த ‘லொகூத்துஸ்’தான் டெபோனன்ட் வினைகளின் பெரும் வசதி. ஏனைய வினைகளின் இறந்தகால எச்சம் ‘புகழப்பட்ட’ என்பதுபோலச் செயப்பாட்டுப் பொருளையே தரும். எனவே ‘சொல்’ என்னும் பொருளுடைய ‘தீக்கோ’ வினையைக் கொண்டு ‘ஹீஸ் திக்தீஸ் அபிஇத்’, அதாவது ‘இவை சொல்லப்பட்டபின் சென்றான்’, என்று சுற்றிவளைக்க வேண்டியிருக்கிறது. டெபோனன்ட் வினையிலோ ‘ஹைக் லொகூத்துஸ் அபிஇத்’ என்றாலே போதும். ‘இவற்றைப் பேசிவிட்டுச் சென்றான்’ என்று தமிழ் வினையெச்சம்போல நேராகப் பொருள்படும்.

சில வடிவங்கள் மட்டும் செய்வினை உருவத்தையே ஏற்கின்றன: நிகழ்கால எச்சமான ‘லொக்வென்ஸ்’, எதிர்கால எச்சமான ‘லொகூத்தூருஸ்’, ‘பேசுவதன்’ என்னும் பொருள்தரும் ‘லொக்வெந்தீ’. இதற்கு நேர்மாறாக ‘ஹொர்த்தந்துஸ்’ என்பது ‘ஊக்குவிக்கப்பட வேண்டியவன்’ என்று செயப்பாட்டுப் பொருளையே தருகிறது. தேர்வில் மாணவர் மிகுதியும் இடறுவது இங்கேதான் என்பது என் கருத்து. ஏவலும் ஏமாற்றும்: ‘ஊக்குவி’ எனப் பொருள்படும் ‘ஹொர்த்தாரெ’, ‘புகழ’ என்னும் ‘லவுதாரெ’யைப் போலவே முடிகிறது.

‘துணிகிறேன்’ என்னும் ‘அவுதெயோ’ போன்ற சில வினைகள் நிகழ்காலத்தில் இயல்பாகத் திரிந்து, இறந்தகாலத்தில் மட்டும் ‘அவுசுஸ் சும்’ என டெபோனன்ட் உருவம் கொள்ளும். அவற்றைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.