மாமியாருக்கு ஒரே கதை, இரண்டு மொழியில்

கேள்வி: என் மாமியாருக்கு 66 வயது. முன்பு அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை பார்த்தவர். சாயங்காலம் டிவி முன் உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழும்புவார். தமிழில் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ சீரியல் ஓடியபோது, அதே கதையை மலையாளத்தில் ‘சாந்த்வனம்’ என்றும் பார்த்தவர்! மகள் பத்தாம் வகுப்பு. கணவர் துபாயில். நான் சொன்னால் சண்டைதான். எப்படி நிறுத்துவது?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தங்கச்சி, அந்த ‘சாந்த்வனம்’ விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விஜய் டிவியில் 2018-ல் தொடங்கிய கதையைத்தான் ஏசியாநெட் 2020-ல் எடுத்தது. தமிழில் மூத்த மருமகள் தனத்துக்கு என்ன நடந்தது என்று தெரிந்த பிறகும், மலையாளத்தில் அதே பாத்திரமான தேவிக்காக உட்கார்ந்திருக்கிறார் என்றால், அடுத்து என்ன என்கிற ஆவல் மட்டும் அவரை உட்கார வைக்கவில்லை.

அவருக்கு வேண்டியது நியாயம் பேச ஓர் இடம். அண்டி ஆபீஸில் கை பருப்பின் தோலை உரிக்கும், வாய் ஊர்க்கதை பேசும். அந்தக் கூட்டம் இப்போது இல்லை. பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றி வாய் திறந்தால் விளக்கு வைக்குமுன் அவள் காதுக்குப் போய்விடும். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ மருமகள் மீனாவை எவ்வளவு திட்டினாலும் யாரும் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். “மாமியாருக்கு ஒரு வாய் காப்பி குடுக்கல்ல, பாத்தியா மக்ளே?” என்று அவர் சொன்னால், அது டிவிக்கு மட்டும் சொன்னதுதானா?

பெண்கள்தான் சீரியல் பார்க்கிறார்கள் என்பதையும் நம்பாதீர்கள். சிட்அவுட்டில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி, “இப்ப என்ன ஆச்சு?” என்று உள்ளே குரல் கொடுக்கும் ஆண்களை எனக்கு நிறையத் தெரியும். 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து காலமானபோது, ‘எதிர்நீச்சல்’ சீரியலில் அவர் நடித்த ஆதி குணசேகரனுக்காக டீக்கடையில் வருத்தப்பட்டவர்கள் வேட்டி கட்டியவர்கள்தான்.

சீரியலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சாப்பாட்டில் விஷம், மாடிப்படியில் எண்ணெய் எல்லாம் அலுத்துப்போன சரக்கு. மகளின் படிப்பும் முக்கியம். ஆனால் துபாயிலிருந்து கணவரை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். அதுவே ஒரு சீரியல் காட்சி ஆகிவிடும். “பாட்டி, பரீட்சை முடியும்வரை எட்டு மணிக்கு மேல டிவி வேண்டாம்” என்று பேத்தியே கேட்கட்டும். விட்டுப்போனதை மறுநாள் பகலில் ஜியோஹாட்ஸ்டாரிலோ சன் நெக்ஸ்ட்டிலோ போட்டுக்கொடுங்கள். ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ காலத்தில் இந்த வசதி ஏது?

ஆனால் பகலில் தனியாகப் பார்த்தால் யாரிடம் நியாயம் பேசுவார்? அதனால் எட்டு மணிக்கு முன் வருகிற ஒன்றையாவது நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். தேங்காய் துருவிக்கொண்டே பார்க்கலாம். நாலு நாள் பார்க்காவிட்டாலும் கதை அங்கேயேதான் நிற்கும்.