கொடையாளருக்குச் சி.எம்.வி. சோதனை: கேள்வி பதில்

கேள்வி: இரத்ததானம் செய்தபோது எனக்குச் சைட்டோமெகலோ வைரஸ் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றார்கள். நான் நோயாளியா?

பதில்: இல்லை. ஐ.ஜி.ஜி. என்பது தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்; சி.எம்.வி. எனப்படும் அந்த வைரஸ் என்றோ உங்கள் உடலுக்குள் வந்ததற்கான தடயம் மட்டுமே அது. பெரும்பாலானோருக்கு அது வந்ததே தெரியாது. பாசிட்டிவ் என்ற சொல்லைக் கண்டு பதறாதீர்கள்.

கேள்வி: ஐ.ஜி.ஜி. இருந்தால் எதிர்ப்பாற்றல் இருக்கிறது என்றுதானே பொருள்? டி செல்கள் என்ற வெள்ளணுக்களை ஏன் தனியாகச் சோதிக்கிறார்கள்?

பதில்: ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இந்த வைரஸ் ஒருமுறை நுழைந்தால் வெளியேறாது; எலும்பு மஜ்ஜையின் மூல அணுக்களிலும் மோனோசைட்டுகள் எனும் வெள்ளணுக்களிலும் ஆயுள் முழுதும் உறங்கிக் கிடக்கும். அது விழித்தெழாமல் அடக்கி வைப்பதில் பெரும்பங்கு டி செல்களுடையது; அவற்றின் வலிமையை ஐ.ஜி.ஜி. அளவு காட்டாது. ஆகவே, கொடையாளரின் வெள்ளணுக்களை வைரஸின் பிபி65 புரதத் துண்டுகளோடு ஓரிரவு வைத்து, இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் அணுக்களைப் புள்ளிகளாக எண்ணுகிறார்கள்; இதற்கு எலிஸ்பாட் என்று பெயர். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் மருந்துக்கு அடங்காத சி.எம்.வி. தொற்றுக்குக் கொடையாளரின் டி செல்களைச் செலுத்த நேர்ந்தால், கைகொடுப்பது இந்த எண்ணிக்கைதான். குறிப்பிட்ட டி செல்களில் மட்டும் ஒட்டும் மூலக்கூறைக் கொண்டு அவற்றை எண்ணும் டெட்ராமர் சோதனையில் ஒரு எச்சரிக்கை: ஒரு டெட்ராமர் ஒரு எச்.எல்.ஏ. (ஆளுக்கு ஆள் மாறும் திசு அடையாளம்) வகையையும் ஒரு புரதத் துண்டையும் மட்டுமே பார்ப்பதால், அதில் வரும் பூஜ்யத்தை எதிர்ப்பாற்றலே இல்லை என்று படித்துவிடக் கூடாது.

கேள்வி: தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் எதிர்ப்பொருளான ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்றா?

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஐ.ஜி.ஜி.யின் பிணைப்பு வலிமையை அளக்கும் அவிடிட்டி சோதனையையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களை நீக்கும் வடிகட்டி இருக்கும்போது கொடையாளரைச் சோதிப்பதே வீண்!

பதில்: அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1995இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், மாற்றுச் சிகிச்சை பெற்ற 502 பேரில், சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. இல்லாத கொடையாளரின் இரத்தம் பெற்றோரில் 1.3 சதவீதத்தினருக்கும், வடிகட்டிய இரத்தம் பெற்றோரில் 2.4 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. இரண்டும் சமம் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

கேள்வி: சமம் என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு சோதனை எதற்கு?

பதில்: அதே ஆய்வில் சி.எம்.வி. நோயாக முற்றியவர்கள் வடிகட்டிய பிரிவில்தான் இருந்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். மறுபக்கம், அண்மையில் தொற்றியவரின் உடலில் எதிர்ப்பொருள் தோன்றுவதற்கு முன்பே இரத்தத்தில் வைரஸ் இருக்கும் என்பதால், ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் என்ற இரத்தப் பையும் முழுப் பாதுகாப்பு ஆகாது. வடிகட்டுவதே அடித்தளம்; குறைமாதக் குழந்தை போன்றோருக்கு மட்டும் சோதனையையும் சேர்ப்பதே என் நிலைப்பாடு.

கேள்வி: நானும் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். இரத்தம் கொடுக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கொடுக்கலாம்.