பெட்டைக் குட்டிகளுக்கும் வீடு கிடைக்கும்

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டு நாய் ஐந்து குட்டிகள் ஈன்று நான்கு வாரங்கள் ஆகின்றன. கடுவன் குட்டிகள் இரண்டையும் இப்போதே கேட்கிறார்கள். பெட்டைக் குட்டிகள் மூன்றையும் யாரும் கேட்கவில்லை. சந்தைப் பக்கம் விட்டுவந்தால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்கிறார் என் மாமனார். என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், திருமங்கலம்

பதில்: சந்தையில் விடும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள், சகோதரி. தாய்ப்பால் மறவாத குட்டி அங்கே வண்டியில் அடிபடும், அல்லது பிற நாய்களிடம் கடிபடும். தவிர, வளர்ப்பு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் பெரியவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கடுவன் குட்டிகளைக் கேட்பவர்களையும் எட்டு வாரம் முடியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுவதைக் கவனித்திருப்பீர்கள். அழுத்திக் கடிபட்ட குட்டி வீலென்று கத்திக்கொண்டு விலகிப் போக, கடித்த குட்டி ஆட்டம் நின்றுபோன திகைப்பில் அப்படியே நிற்கும். எவ்வளவு அழுத்தம் வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்வது அப்போதுதான். இந்தப் பாடம் கிடைக்காமல் நான்கு வாரத்திலேயே பிரிக்கப்பட்ட குட்டி, பின்னாளில் வீட்டுக் குழந்தையின் கையையும் அதே வேகத்தில் கவ்வுகிறது. அந்தக் குட்டிதான் மறுபடியும் தெருவுக்கு வந்து சேர்கிறது.

பெட்டைகளைப் பற்றிச் சொல்கிறேன். வளர்ந்தால் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் என்ற அச்சத்தால்தான் பெரும்பாலும் அவற்றை மறுக்கிறார்கள். அச்சம் நியாயமானதே, அதற்கு விடை கருத்தடை அறுவை சிகிச்சை. பல பெட்டைகள் ஆறு மாதம் கடந்ததுமே பருவத்துக்கு வந்துவிடும் என்பதால், "குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறாவது மாதத்தில் அறுவை சிகிச்சைக்கு நானே ஏற்பாடு செய்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் செலவில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கடுவன் கேட்டு வருபவரிடம் ஐந்தையும் ஒன்றாகக் காட்டுங்கள். ஓடிவந்து காலைச் சுற்றும் குட்டி பெட்டையாக இருந்து, வந்தவர் மனம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேட்பவரிடம் நீங்களும் கேளுங்கள்: பகலில் குட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள்? வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதித்துவிட்டாரா? அண்மையில் அந்த வீட்டில் நாய்க்குட்டி ஏதும் இரத்தக் கழிச்சலில் இறந்ததா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இந்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ என்ற கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியது. தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டியை அத்தகைய வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எனவே குடற்புழு மருந்தை இப்போதே தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசியைப் போட்டு, அடுத்த தவணைகளும் மூன்றாம் மாத வெறிநோய்த் தடுப்பூசியும் எப்போது என்பதை அட்டையில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். தாயின் வாசம் படிந்த பழந்துணி ஒன்றையும் கூடவே கொடுத்தால், முதல் சில இரவுகளில் அழுகை குறையும்.

கேள்வி: மிஞ்சும் குட்டிகளை ஏதேனும் காப்பகத்தில் சேர்த்துவிடலாமா?
– அதே வாசகி

பதில்: வேறு வழியே இல்லாதபோது மட்டும். பல இடங்களிலிருந்து வரும் நாய்கள் நெருக்கமாக வாழும் இடத்தில், நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் காப்பகமாக இருந்தாலும், இளங்குட்டிகளுக்குத் தொற்று எளிதில் பரவும். எட்டு வாரத்தில் வீடு அமையாவிட்டால் பன்னிரண்டு வாரம்வரை நீங்களே வைத்திருங்கள். தடுப்பூசி போட்டு, வெளியே சிறுநீர் கழிக்கப் பழகிய குட்டியை விரும்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கிடையில் தாய்க்குப் பால் வற்றியதும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் கருத்தடைக்கு நாள் கேட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால், சில மாதங்களில் அது மீண்டும் பருவத்துக்கு வந்துவிடும்.