ராக் கிதார் கலைஞர்கள் செய்த எதிர்பாராத கூட்டணிகளில் உங்களை அசர வைத்தது எது?

யோசிக்கவே வேண்டாம். அமெரிக்க கிதார் கலைஞர் ரை கூடரும் நம் விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்து 1993-ல் வெளிவந்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' ஆல்பம்தான்.

கூடரின் பெயர் தெரியாதவர்கள்கூட அவர் வாசிப்பை எங்காவது கேட்டிருப்பார்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் 'சிஸ்டர் மார்ஃபின்' பாட்டில் வழுக்கிக்கொண்டு வரும் ஸ்லைடு கிதார் அவருடையது. 'பாரிஸ், டெக்சாஸ்' படத்தின் பின்னணி இசையும் அவர் போட்டதுதான். விஸ்வ மோகன் பட் ஜெய்ப்பூர்க்காரர், சிதார் மேதை ரவிசங்கரின் சீடர். கிதாரை மாற்றியமைத்து அவர் உருவாக்கிய மோகன வீணையில் 20 கம்பிகள். மெட்டுக்கு மூன்று, சுருதிக்கு ஐந்து, மீதி 12 கம்பிகள் தானாக அதிர்ந்து ரீங்கரிப்பதற்கு.

1992 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில், ஒரு தேவாலயத்தில் பதிவு நடந்தது. இருவரும் அறிமுகமாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஒத்திகையும் கிடையாது. தபலாவில் சுக்விந்தர் சிங் நாம்தாரி, தும்பெக் என்ற அரபு மேளத்தில் கூடரின் 14 வயது மகன். பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். ஸ்டூடியோவில் தனித்தனியாகப் பதிந்து பிறகு ஒட்டுவது அவருக்கு ஆகாது. எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, அந்த அறையின் எதிரொலியோடு சேர்த்துப் பிடிப்பார். ஹெட்ஃபோனில் கேட்டால் வித்தியாசம் தெரியும். கம்பி ஒலி மேலே எழும்பிக் கரைய இடம் இருக்கிறது.

முன்பின் தெரியாத இருவருக்கு எப்படி இவ்வளவு ஒத்துப்போனது? இருவரும் கம்பியை விரலால் அழுத்தி வாசிப்பவர்கள் இல்லை, மேலே தேய்த்து வாசிப்பவர்கள். கூடர் விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொள்கிறார். பட், வாத்தியத்தை மடியில் கிடத்தி இரும்புத் தண்டால் நகர்த்துகிறார். நம்மூர் கோட்டு வாத்தியக்காரர்கள் செய்வதும் இதுதானே. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியிலுள்ள எல்லா இடமும் இவர்கள் கைக்குள் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான புளூஸில் வரும் இழுப்பும் நம் கமகமும் அங்கேதான் பிறக்கின்றன. இதேபோல் மடியில் கிடத்தித் தேய்த்து வாசிக்கும் ஹவாய் கிதாரும் கூடருக்குப் பழக்கம்தான். 1976-லேயே ஹவாய்க் கலைஞர் கேபி பஹினுயியைத் தன் ஆல்பத்தில் வாசிக்க வைத்தவர் அவர்.

மொத்தம் நான்கே உருப்படிகள். எனக்குப் பிடித்தது மூன்றாவது, 'கேஞ்சஸ் டெல்டா புளூஸ்'. பட் வேகமாகப் பொரிந்து தள்ளுகிறார். கூடர் போட்டிக்குப் போவதில்லை. கீழ் கம்பிகளில் இரண்டு மூன்று சுரங்களை வைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார். ஆனால் அடுத்த வரிக்கு இடம் விட்டுத்தான் ஒதுங்குகிறார். பெயர் பெற்ற கிதார் கலைஞர்களில் இப்படிக் கை கட்டத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

மற்ற கூட்டணிகள் மட்டம் என்று சொல்லவில்லை. மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாட்டுக்கு எடி வான் ஹேலன் காசு வாங்காமல் வாசித்த சோலோ, அசல் மின்னல். லெட் செப்பலினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் 1972-ல் பம்பாய்க் கலைஞர்களோடு பதிவு செய்தார்கள். அது 2015-ல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. கேட்க அருமைதான். ஆனால் அங்கே வாசிக்கப்பட்டது அவர்களுடைய பழைய பாட்டுகள், பம்பாய்க்காரர்கள் அதற்கு வண்ணம் சேர்த்தார்கள். சாண்டா பார்பராவில் கூடரும் பட்டும் சமமாக உட்கார்ந்தார்கள்.

இந்த ஆல்பம் கிராமி வாங்கியது. அடுத்த ஆண்டே மாலி நாட்டின் அலி ஃபர்கா தூரேயோடு செய்த 'டாக்கிங் டிம்பக்டு'வுக்கும் கூடர் கிராமி வாங்கினார். அப்புறம் 1996-ல் ஹவானா போய், முதிய கியூபக் கலைஞர்களை வைத்துச் செய்த 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்' உலகமெங்கும் ஓடியது. புகழ் அதற்குத்தான் அதிகம். என் ஓட்டு மட்டும் பட்டோடு செய்ததற்கே.

கேட்டுப் பிடித்துப்போனால், அதே கவிச்சந்திரன் தயாரித்த 'மும்தாஜ் மகால்' ஆல்பத்தையும் தேடுங்கள். புளூஸ் பாடகர் தாஜ் மகாலோடு பட் வாசிக்கிறார், கூடவே நம் சித்ரவீணை ரவிகிரணும்.